கக்கும் குட்டிப் பாம்பு: வெப்பம் இருந்த இடமும் பாம்பு இருந்த இடமும்

வளர்ப்புப் பாம்புக் குட்டி ஒன்று விழுங்கிய இரையை அடுத்தடுத்து மூன்று முறை கக்கிவிட்டால், வளர்ப்பவர் மனம் முதலில் மருந்தைத்தான் தேடும். கீழே வரும் நிகழ்வில் மருந்தென்று ஏறக்குறைய எதுவும் தேவைப்படவில்லை. குட்டியின் வயிறு தரையில் படும் இடத்தில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்ததும், அடுத்த இரையைக் கொடுக்காமல் பொறுத்திருந்ததுமே அதைக் காப்பாற்றின. இங்கிலாந்தில் அயல் விலங்குகளைப் பார்க்கும் ஒரு மருத்துவமனையில், 2023 ஜனவரி நடுவில் வந்த நிகழ்வு இது. உரிமையாளரின் அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்த நிலையும் வரலாறும்

நோயாளி ஐந்து மாதச் சோளப் பாம்புக் குட்டி. கடைகளில் கார்ன் ஸ்னேக் என்ற பெயரில் விற்கப்படுவது. அறிவியல் பெயர் பான்தெரோஃபிஸ் குட்டாட்டஸ். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, நஞ்சில்லாத இனம். அதிகம் வளராது, எளிதில் பழகும், உறைய வைத்த எலியையே தின்னும். அதனால் பிரிட்டனில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். இந்தக் குட்டியும் அப்படி ஒரு முதல் பாம்பு. வளர்ப்பவர் பள்ளி மாணவர், தாயுடன் வந்திருந்தார். உணவளித்த தேதி, இரையின் அளவு, எடை, கக்கிய நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். பாதி நோயறிதல் அந்த நோட்டிலேயே இருந்தது.

ஆகஸ்டில் பொரித்த குட்டி. அக்டோபரில் வாங்கும்போது 9 கிராம். வாரத்துக்கு ஒரு பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு, தின்று டிசம்பர் நடுவில் 14 கிராம் ஆகியிருந்தது. அதே வாரத்தில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடந்தன. "இனிப் பெரிய வீடு வேண்டும்" என்று பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினார்கள். பிங்கிக்குப் பதில் ஃபஸ்ஸி, அதாவது முடி முளைக்கத் தொடங்கிய எலிக்குஞ்சு, கொடுத்தார்கள். அதன் எடை 4 கிராம். குட்டியின் உடல் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். மூன்றாம் நாள் அது பாதி செரித்து, ஊதிப்போய், கடும் நாற்றத்துடன் வெளியே கிடந்தது.

வயிறு காலியாகிவிட்டதே, குட்டி பசியில் செத்துவிடுமோ என்று பயந்து நான்கு நாளில் இரண்டு பிங்கி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரண்டும் வெளியே வந்தன. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு பிங்கி, அதுவும் வெளியே. எங்களிடம் வந்தபோது குட்டியின் எடை 11 கிராம். ஒரு மாதத்துக்குள் உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்திருந்தது.

நோட்டில் இன்னொரு முக்கியமான செய்தியும் இருந்தது. ஒரே ஈட்டில் பொரித்த இன்னொரு குட்டியும் அதே அறையில் வளர்கிறது. அதே கடையின் உறைந்த எலி, அதே கை, அதே இடுக்கி. ஆனால் அது இன்னும் பழைய பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருக்கிறது. எடை 19 கிராம். ஒரு முறைகூடக் கக்கியதில்லை.

பரிசோதனை

குட்டி விழிப்பாக இருந்தது. நாக்கை நீட்டி முகர்ந்தது. கையில் சுற்றிக்கொள்ளும் பிடியில் வலு இருந்தது. உடலின் இரு பக்கமும் தோல் நீளவாக்கில் மடிந்திருந்தது, கண்கள் சற்று உள்வாங்கியிருந்தன, வாய்க்குள் எச்சில் நூலாக இழுத்தது. மூன்றும் நீரிழப்பின் அடையாளங்கள். ஈறில் சீழோ இரத்தப் புள்ளிகளோ இல்லை. மூச்சில் சத்தம் இல்லை. செதில்களுக்கு அடியில் உண்ணி இல்லை. எச்சத்துளை சுத்தமாக இருந்தது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தது உடலின் நடுப்பகுதியை. பாம்பின் இரைப்பை அங்கேதான் நீளவாக்கில் கிடக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் (சுருக்கமாகக் கிரிப்டோ) என்ற ஒட்டுண்ணி தாக்கினால் இரைப்பைச் சுவர் தடித்து, நடு உடலில் ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்படும். இதில் தட்டுப்படவில்லை. ஆனால் நோயின் தொடக்கத்தில் வீக்கம் இருக்காது என்பதால், இது ஆறுதல் மட்டுமே.

எக்ஸ்ரேயில் அடைப்போ, விழுங்கிய மரச்சீவலோ தெரியவில்லை. இரத்தம் எடுக்கவில்லை. 11 கிராம் பாம்பிலிருந்து ஆபத்தில்லாமல் எடுக்கக்கூடிய இரத்தம் 0.1 மி.லி.க்கும் குறைவு. அதிலிருந்து கிடைக்கும் தகவல் அந்த நேரத்தில் சிகிச்சையை மாற்றப் போவதில்லை. நீர் வற்றிய குட்டியிடமிருந்து அதை எடுக்க மனம் வரவில்லை.

என்னென்ன காரணங்களாக இருக்கலாம்

இரை எந்த நாளில், எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதே முதல் தடயம். ஒரு நாளுக்குள் முழுசாக, ஏறக்குறைய விழுங்கியபடியே வந்தால், தின்றதும் கையில் எடுத்து விளையாடியிருக்கலாம், இரை மிகப் பெரிதாக இருந்திருக்கலாம், அல்லது அச்சுறுத்தல் ஏதாவது நேர்ந்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து அழுகிய நாற்றத்துடன் வந்தால், இரைப்பை வேலையைத் தொடங்கி முடிக்க முடியாமல் திணறியிருக்கிறது. அதற்கு மிகப் பொதுவான காரணம் குளிர்ச்சி. கிரிப்டோவிலும் பெரும்பாலும் இதே மாதிரிதான் நடக்கும். குழப்பம் வருவது அங்கேதான்.

பாம்பின் செரிமானம் நம்முடையதைப் போல எப்போதும் தயார் நிலையில் இருப்பதில்லை. பர்மிய மலைப்பாம்பில் ஸ்டீஃபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின; 1998-ல் நேச்சர் இதழில் வந்த அவர்களது கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை. பட்டினி காலத்தில் அந்தப் பாம்பின் இரைப்பையில் அமிலமே சுரப்பதில்லை. அமில கார அளவு கிட்டத்தட்ட நடுநிலையில், 7-ஐ ஒட்டி இருக்கும். இரை உள்ளே போன ஓரிரு நாளில் அது 2-க்கும் கீழே இறங்குகிறது. குடல் எடை இரு மடங்காகிறது. இதயத் தசையே 40 சதவீதம் வரை பெருக்கிறது என்று 2005-ல் இன்னொரு குழு காட்டியது. மாதக்கணக்கில் காத்திருந்து பெரிய இரை பிடிக்கும் இனங்களில்தான் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு கடுமையாக இருக்கும். சோளப் பாம்பு போல அலைந்து தேடி அடிக்கடி தின்னும் இனங்களில் குறைவு. ஆனால் ஒன்று எல்லாப் பாம்புக்கும் பொது: இந்த வேலை முழுவதும் உடல் வெப்பத்தை நம்பி நடக்கிறது, அந்த வெப்பத்தைப் பாம்பு வெளியிலிருந்துதான் பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் அமிலமும் நொதிகளும் மந்தமாகும். செத்த எலியின் குடலில் இருக்கும் கிருமிகள் அவ்வளவு மந்தமாவதில்லை. இரை உள்ளேயே அழுகி, வாயு கட்டி ஊதும். அதைக் கக்கிவிடுவது பாம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

ஆகவே எங்கள் பட்டியலில் முதலில் வெப்பக் குறைவு, அதனுடன் அளவுக்கு மீறிய இரை. அடுத்தது கிரிப்டோ. பிறகு அமீபா, கசையுயிரிகள் போன்ற குடல் ஒட்டுண்ணிகள். உள்ளே சரியாக உருகாத எலியும் ஒரு காரணம். மேலே சூடாக, நடுவில் பனிக்கட்டியாக இருக்கும் இரையைக் குட்டிகள் கக்குவது அரிதல்ல. இந்த வீட்டில் எலியைக் குளிர்பெட்டியில் இரவு முழுக்க உருகவிட்டு, பிறகு வெந்நீரில் சூடேற்றியிருந்தார்கள். அது சரியான முறை.

உடன்பிறந்த குட்டியின் நல்ல வளர்ச்சி எங்களை முதல் காரணத்தின் பக்கம் வலுவாகத் தள்ளியது. இரண்டுக்கும் இரை ஒன்று, அறை ஒன்று. வேறுபட்டது இருப்பிடமும் அந்த ஒரு பெரிய இரையும்தான்.

தொட்டியின் வெப்பம்

"வெப்பம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் உடனே வந்தது: 30 டிகிரி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியின் திரையைப் படம் எடுத்தே கொண்டுவந்திருந்தார்கள். சோளப் பாம்புக்குச் சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 என்பது நல்ல அளவு. காகிதத்தில் எல்லாம் சரி.

தொட்டியின் மற்ற படங்களைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. ஹீட் மேட் என்ற மின்சூட்டு விரிப்பு தொட்டிக்கு வெளியே, கண்ணாடித் தரைக்கு அடியில். தெர்மோஸ்டாட்டின் உணரி மேட்டின் மேலேயே டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு மேல் விரல் நீளத்துக்கு மரச்சீவல். மேட் 30 டிகிரியைத் தொட்டதும் உணரி மின்சாரத்தை நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் தனக்கு இட்ட வேலையைப் பிசகாமல் செய்தது. அந்த வெப்பம் மேலே பாம்பு கிடக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

அன்றிரவே இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கி, மரச்சீவலை ஒதுக்கித் தரையை அளந்து சொல்லும்படி கேட்டோம். மாணவர் இரவு முழுக்கப் பலமுறை எழுந்து அளந்திருக்கிறார். மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடியின் உட்புறம் 24 டிகிரி. மரச்சீவலின் மேற்பரப்பு 20. விடியற்காலையில் அறையின் வெப்பம் 14. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டனில் எரிபொருள் விலை மிக மோசமாக ஏறியிருந்தது. அரசு உச்சவரம்பு வைத்த பிறகும் சராசரி வீட்டின் கட்டணம் ஆண்டுக்கு 2,500 பவுண்டு என்ற கணக்கில் நின்றது. பல வீடுகளைப் போல இங்கும் இரவில் ஹீட்டரை அணைத்திருக்கிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாய் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. குட்டியின் தேவைக்கு வீடு முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை என்று விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது.

இதையும் தாண்டி இன்னொன்று. தொட்டியில் இருந்த ஒரே நல்ல பதுங்கிடம், உடலை ஒட்டி அணைக்கும் அளவுள்ள ஒரு சின்ன மரப்பட்டைக் குகை, குளிர்ந்த பக்கத்தில் இருந்தது. சூடான பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் பிளாஸ்டிக் செடியும் மட்டுமே. குட்டி எப்போதும் எங்கே இருக்கும் என்று கேட்டோம். "குகையிலேயேதான்" என்றார் மாணவர். அந்தக் குகையின் தரை இரவில் 17 டிகிரி.

இந்த நிகழ்வை எழுதக் காரணமே இதுதான். ஒளிவதா, குளிர்காய்வதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் குட்டிப் பாம்பு பெரும்பாலும் ஒளிவதைத்தான் தேர்ந்தெடுக்கும். காட்டில் அதைத் தின்ன பறவையிலிருந்து பெரிய பாம்பு வரை காத்திருக்கின்றன. வெட்டவெளியில் கிடப்பது மரணம் என்று அதன் உடலுக்குத் தெரியும். வயிற்றில் இரை இருக்கும்போது வெப்பம் தேவை என்பதும் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் செரிமானம் தோற்கும். பழைய சிறு பெட்டியில் எந்த மூலையில் ஒளிந்தாலும் சூடு எட்டியது. தொட்டி பெரிதானதும் அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. பெரிய தொட்டி தவறில்லை; சூடான பக்கத்தில் ஒளிய இடமில்லாத பெரிய தொட்டிதான் தவறு.

ஆய்வகம்

மாணவர் கடைசியாகக் கக்கிய பிங்கியை மூடிய டப்பாவில் குளிரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதன் மேலிருந்த சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனையில் கிரிப்டோ இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினோம். இவ்வளவு சின்னக் குட்டியின் இரைப்பைக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுப்பதைவிட இது பாதுகாப்பு.

பாம்புகளில் கிரிப்டோ முதன்முதலில் 1977-ல் விவரிக்கப்பட்டது. இரைப்பை தடித்த 14 பாம்புகள் அந்த ஆய்வில் இருந்தன. இன்றுவரை அதை உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சில மருந்துகள் ஒட்டுண்ணி வெளியேறும் அளவைக் குறைக்கும், அவ்வளவே. பல பாம்புகள் வளர்க்கும் இடத்தில் இது பரவினால் பெரும் துயரம். சாதாரண ப்ளீச் இதன் முட்டையுறைகளைக் கொல்வதில்லை. நீராவியின் வெப்பமும் முழு உலர்த்தலும் தேவை. அதனால் முடிவு வரும்வரை இரு குட்டிகளுக்கும் தனித்தனி இடுக்கி, தனிக் கிண்ணம், நலமான குட்டியை முதலிலும் நோயாளியைக் கடைசியிலும் கவனிப்பது என்று வகுத்துக் கொடுத்தோம்.

பிசிஆர் எதிர்மறை. ஒரு எதிர்மறை முடிவை நம்பி விட்டுவிடக் கூடாது. ஒட்டுண்ணி தினமும் வெளியேறுவதில்லை. சில வாரங்கள் இடைவெளி விட்டு எச்சத்தில் மேலும் இரு முறை பார்த்தோம். அவையும் எதிர்மறை. எச்சத்தை நுண்ணோக்கியில் மட்டும் பார்த்து முடிவு கட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. தின்ற எலியின் கிரிப்டோவே பாம்பின் குடல் வழியாக அப்படியே வெளியே வரலாம். எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல மரபணுப் பரிசோதனைதான் வேண்டும். இந்தக் குட்டியின் எச்சத்தில்கூட எலிக்குடலில் வாழும் ஊசிப்புழுவின் முட்டைகள் சில தெரிந்தன. பாம்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பூச்சி மருந்து கொடுக்கவில்லை.

சிகிச்சை

முதல் நாள் தோலுக்கடியில் 0.15 மி.லி. திரவம், உடல் வெப்பத்துக்குச் சூடேற்றி, இன்சுலின் ஊசியால். வீட்டில் 28 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தலை மேலே இருக்கும் ஆழத்தில், கண்காணிப்புடன் தினம் சிறிது நேரம் ஊறவைப்பது. சில நாளில் தோல் மடிப்பு மறைந்தது.

தாய் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பற்றிக் கேட்டார், யாரோ பரிந்துரைத்திருக்கிறார்கள். கக்கும் பாம்புக்கெல்லாம் இதைக் கொடுக்கும் வழக்கம் வளர்ப்பவர்களிடையே இருக்கிறது, அது எனக்குக் கவலை தருகிறது. அதிக அளவில் கொடுக்கப்பட்ட சில பாம்பு இனங்களில் நரம்புப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கிலோவுக்கு 40 மி.கி. என்று வைத்தாலும் 11 கிராம் குட்டிக்கு 0.44 மி.கி. மட்டுமே. ஒரே ஒரு 200 மி.கி. மாத்திரையில் இப்படிப்பட்ட 450 குட்டிகளுக்கான அளவு இருக்கிறது. வீட்டில் நசுக்கிப் பிரிக்கிற வேலையா அது? ஒட்டுண்ணி உறுதியாகாதபோது அந்த ஆபத்துக்குப் பொருளும் இல்லை.

இருப்பிடத்தை மாற்றினோம். குட்டி பழைய வகைச் சிறு பெட்டிக்குத் திரும்பியது. உணரி உள்ளே, சூடான பக்கப் பதுங்கிடத்தின் தரைக்கு வந்தது. மரச்சீவல் அங்கே மெல்லிய படலமாக மட்டும். இரு பக்கமும் ஒரே மாதிரியான, முதுகு கூரையில் உரசும் அளவுக்கு இறுக்கமான பதுங்கிடங்கள். பெட்டியின் பின்னும் பக்கங்களிலும் தெர்மாகோல் பலகை. இதற்குப் பிறகு அறை 14 டிகிரிக்கு இறங்கிய இரவிலும் பதுங்கிடத்தின் தரை 29-ல் நின்றது. மேட்டின் மின்செலவு மிகச் சிறிது. வீட்டு ஹீட்டரைத் தொட வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது காத்திருத்தல். கடைசிக் கக்கலுக்குப் பின் இரண்டு வாரமாவது இரையே கூடாது என்றோம். கக்கும்போது அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது, நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆறுவதற்குள் அடுத்த இரை போனால் அதுவும் திரும்பும். ஒவ்வொரு கக்கலும் குட்டியை இன்னும் நலிவாக்கும். குட்டிப் பாம்புகள் இறப்பது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான். பட்டினியை அவை தாங்கும். எலும்பும் தோலுமாகத் தெரியும் குட்டியின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். மாணவர் நடுவில் இரு முறை தொலைபேசியில் கேட்டார். இரு முறையும் பொறுக்கச் சொன்னோம். பொறுத்தார்.

ஜனவரி இறுதியில், 10.6 கிராம் எடையில், முதல் இரை: தராசில் நிறுத்த 1 கிராம் பிங்கி. செரிமான நீர் எளிதில் உள்ளே புக அதன் முதுகில் இரண்டு மெல்லிய கீறல்கள். மாலையில், சூடான பதுங்கிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விலகல். நான்கு நாள் கை படக்கூடாது. எடை பார்க்கவும்கூட எடுக்கக்கூடாது. இரை தங்கியது. ஆறாம் நாள் எச்சம் வந்தது, கரிய பகுதியும் யூரேட் என்ற வெள்ளைச் சிறுநீர்க் கழிவும் சேர்ந்து, ஒழுங்கான உருவில். அந்தப் படத்தை அனுப்பிய குறுஞ்செய்தியில் ஆச்சரியக்குறிகள் மட்டுமே இருந்தன.

எட்டு நாள் கழித்து அதே அளவு. அதற்கடுத்த வாரம் 1.5 கிராம். மூன்று இரைக்குப் பின் எடை 11.8. புரோபயாட்டிக் பொடி கேட்டார்கள். கெடுதல் இல்லை, ஆனால் பலன் உறுதியில்லாத ஒன்றைச் சேர்த்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும் என்பதால் தவிர்த்தோம். மார்ச்சில் குட்டி சட்டையை ஒரே துண்டாக உரித்தது.

வீட்டாருக்குச் சொன்ன மற்றவை

நலமான பாம்பின் குடலிலும் மனிதருக்கு நோய் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். உறைந்த எலியிலும் இருக்கலாம்; உறைபனி அதைக் கொல்வதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து விற்கப்பட்ட உறைந்த எலிகள் இதே காரணத்துக்காக 2010-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கக்கிய இரையைக் கையுறையுடன் எடுக்க வேண்டும். எலியைச் சமையலறை மேடையில் உருக வைக்கக் கூடாது. பெட்டியைச் சமையல் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்ததால் இதை அழுத்திச் சொன்னோம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பாம்புகளை, சாரையானாலும் மலைப்பாம்பானாலும், வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் பதிவு கட்டாயம். அதற்கான விதிகள் 2024-ல் வந்தன. பந்து மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகளும் சோளப் பாம்புகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது செய்திகளில் வருகிறது. துணிப்பையில் முடிந்து, நீரின்றி, வெப்பம் மாறி மாறி அலைக்கழிந்து வரும் அந்தக் குட்டிகள் இரையைக் கக்குவதில் வியப்பில்லை. ஆவணமில்லாத குட்டியை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் அவை பெட்டிக்குள் திணிக்கப்படுகின்றன.

கடைசியாகப் பார்த்தபோது

ஏப்ரல் இறுதியில் எடை 17 கிராம். ஜனவரிக்குப் பின் ஒரு கக்கல்கூட இல்லை. மூன்றாவது பிசிஆரும் எதிர்மறையாக வந்தபின் தனிமைப்படுத்தலை விலக்கினோம். இடுக்கிகளை மட்டும் தனித்தனியாகவே வைத்திருக்கச் சொன்னோம். 25 கிராமைத் தாண்டும்வரை ஃபஸ்ஸி கூடாது, அதன்பின்னும் இரை உடல் எடையில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இரையின் அளவும் இருப்பிடமும் ஒரே வாரத்தில் மாறக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றடித் தொட்டிக்கு அடுத்த குளிர்காலத்துக்கு முன் மாற்ற மாணவருக்கு விருப்பம். மாற்றலாம், முதலில் குட்டி இல்லாமல் தொட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, இரு பதுங்கிடங்களின் தரையையும் விடியற்காலையில் அளந்து, அந்த எண்களை அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.